மூன்று பிரதிகளில் ஒரு பிரமாணம்

வியாழக்கிழமை
வந்து ஒன்பதாம் நாள்

என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நான் இங்கே சுகம். நீங்கள் சுகமாக இருப்பதாக நேற்று தொலைபேசியில் நம் மகள் சொன்னாள். நீங்களும் பக்கத்தில் நின்று "ம்" என்று சாட்சி சொன்னீர்கள். அதற்குப் பிறகு "சரி". அதற்குப் பிறகு "வெச்சிடறேன்". பதினெட்டு வருடத்தில் தொலைபேசியில் நீங்கள் எனக்காகச் செலவிட்ட சொற்களைச் சேர்த்தால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும், முகவரிக்கும் இடம் மிஞ்சும். அதனால்தான் கடிதம். கடிதத்தின் நடுவில் யாரும் "வெச்சிடறேன்" என்று சொல்ல முடியாது. தவிர, இது காகித விஷயம். காகிதம் என்றால் நீங்கள் உட்கார்ந்து கடைசி வரி வரை படிப்பீர்கள். கையில் சிவப்புப் பென்சில் வைத்துக்கொண்டு படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முதலில் இருப்பிடம். முன்பு நான் இங்கே இருந்த நான்கு வருடமும் என்னோடு அறையில் இருந்த தையல்காரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது பழைய உடுப்புகளைத் திருத்தித் தரும் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த அறையில் அளவு பார்க்கும் துணிப் பொம்மைகள் மூன்று நிற்கின்றன. மூன்றுக்கும் தலை கிடையாது. முதல் இரண்டு நாள் அவற்றின் முன்னால் புடவை மாற்றக் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. எதிர்த்துப் பேசாத மூன்று பேருடன் ஒரே அறையில் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

அடுத்தது வேலை. பல் செட் செய்யும் ஆய்வகம் அதே இடத்தில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது. அலமாரி முழுக்க அதே பிளாஸ்டர் தாடைகள். மெழுகு உருகும் அதே வாடை. முதலாளியம்மாவுக்கு எழுபது ஆகிவிட்டது. கண்ணாடி தடித்திருக்கிறது, கை நடுங்கவில்லை. பதினெட்டு வருடம் கழித்து உள்ளே நுழைந்த என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் சொன்னது, "லேட்டா வந்திருக்கே." என் பழைய நாற்காலியைக் காட்டினார். ஊரில் பல் டாக்டர்கள் எல்லோரும் மிஷினுக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகு இரண்டு வருடமாக நம் பின்கட்டில் என் கருவிகள் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மெழுகுப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் ஒவ்வொரு மனிதருக்கும் அரசாங்கம் ஒரு எண் தருகிறது. எண் இல்லாதவர் மழையில் நனையலாம், பூங்காவில் உட்காரலாம். அந்த இரண்டையும் தாண்டி எதுவும் செய்ய முடியாது. சம்பளம், வங்கி, வீடு, வைத்தியம் எல்லாம் எண்ணுக்குப் பின்னால்தான். பின்னால் குடும்பத்தை வரவழைக்க வேண்டுமென்றாலும் முதலில் எனக்கு எண் வேண்டும். வந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள் எண் கையில் இல்லையென்றால் என் அனுமதி செல்லாது. ஊர் திரும்ப வேண்டும். மறுபடி கேட்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் முதலாளியம்மாவுக்கு எழுபத்து மூன்று ஆகிவிடும். அவர் எனக்காக எல்லாவற்றையும் செய்வார், வயதாகாமல் மட்டும் இருக்க மாட்டார்.

எனக்குக் கவலை இருக்கவில்லை. ஒருவருக்கு ஒரு தடவை கொடுத்த எண் சாகும் வரை அவருடையதுதான், வெளிநாடு போனால் தூங்கும், திரும்பி வந்தால் தட்டி எழுப்பிவிடுவார்கள் என்று தையல்காரி சொன்னாள். அவளே இரண்டு தடவை எழுப்பியிருக்கிறாள், அரை மணி நேர வேலையாம். அந்த நம்பிக்கையில் அலுவலகத்துக்குப் போனேன். நான்காம் ஜன்னலில் கம்பளி மேலாடை போட்ட ஒருவர் இருந்தார். மேஜையில் சின்னத் தொட்டியில் ஒரு செடி, அதற்கும் ஒரு எண் ஒட்டியிருந்தது. என் பிறந்த தேதியைத் தட்டினார். திரையைப் பார்த்தார். மறுபடி தட்டினார். பிறகு எழுந்து உள்ளே போய், இருபது நிமிடம் கழித்து ஒரு காகிதக் கோப்போடு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். வேலையாக வந்தவர்கள் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

கோப்புக்குள் இருந்தது நம் பிரமாணப் பத்திரம்.

உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமான புதிது. நான் இனி திரும்பிப் போகப் போவதில்லை என்று இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க ஒரு படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில், "மீண்டும் இங்கே வசிக்க வருவீர்களா?" என்று ஒரு கேள்வி. ஏதாவது ஒரு கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு கிழித்தால் முடிந்தது. நீதிமன்றத்தில் தட்டச்சராக இருப்பவருக்கு வெறும் கோட்டில் திருப்தி வருமா? "இனி எக்காலத்தும், எக்காரணத்தை முன்னிட்டும், மேற்படி நாட்டில் வசிக்கும் எண்ணமோ விருப்பமோ எனக்கு இல்லை என இதன்மூலம் சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்" என்று நீங்கள் மூன்று பிரதி அடித்தீர்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக நீங்கள் போட்டீர்கள். எண் அட்டையையும் சேர்த்து, அரக்கு வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினீர்கள்.

யாரும் அட்டையைத் திருப்பி அனுப்புவதில்லையாம். இந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் நாம்தான் முதல். நான்காம் ஜன்னல்காரர் மரியாதையோடுதான் கேட்டார், இதை எழுதியது யார் என்று. என் கணவர் என்றேன். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். சொன்னேன். நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துவிட்ட டாக்டரைப் போல ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னதன் சாரம் இது. "வருவேன்" என்றவர்களின் எண் தூங்குகிறது. "வரமாட்டேன்" என்றவர்களின் எண் கொஞ்சம் ஆழமாகத் தூங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் சத்தியம் செய்து, சாட்சி வைத்து, அட்டையையும் கொடுத்தவரின் எண்ணை எழுப்ப விதி இல்லை. புது எண்ணும் தர முடியாது, ஏனென்றால் ஒருவருக்கு ஒன்றுதான். ஆகவே அந்தப் பிரமாணத்தை வாபஸ் வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்ட இருவரும் வாபஸ் வாங்க வேண்டும். என் கையெழுத்தை அங்கேயே போட்டுவிட்டேன். உங்கள் பங்குக்கு ஒரு தாள் இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்கு வரிதான். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உங்களுக்கு இது அரை நிமிட வேலை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மகளைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்கள், "சொல்லியாச்சு" என்பாள், நம்பாதீர்கள்.

உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
மனைவி.


வியாழக்கிழமை
இருபத்து மூன்றாம் நாள்

என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். என் கடிதம் கிடைத்தது என்று மகள் மூலம் அறிந்தேன். நீங்கள் அதைத் தினமும் அலமாரியிலிருந்து எடுப்பதாகவும், கூடவே நம் வீட்டுக் கோப்பில் இருக்கும் மூன்றாம் பிரதியையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதாகவும், பிறகு திரும்ப வைத்துவிடுவதாகவும் சொன்னாள். "அப்பா பாடம் படிக்கிற மாதிரி படிக்கிறார்மா, நான் அவர்கிட்ட கத்துக்கணும்" என்றாள். கேலிதான். ஆனால் அவள் குரல் அவ்வளவு கேலியாக இல்லை.

இங்கே என் நிலைமையைச் சொல்கிறேன். எண் இல்லாமல் நான் ஆய்வகத்தில் ஒரு கருவியைத் தொட்டாலும் குற்றம், முதலாளியம்மாவுக்கு அபராதம். ஆனால் விருந்தாளியாக வந்து உட்கார்ந்தால் குற்றமில்லை. எனவே தினமும் காலை எட்டு மணிக்கு விருந்தாளியாகப் போகிறேன். மதியம் ஒரு மணி வரை விருந்தாளியாக இருக்கிறேன். முதலாளியம்மா ஒரு செட்டை என் முகத்துக்கு நேரே பிடித்து, "விருந்தாளிக்கு இந்த நிறம் எப்படித் தோணுது?" என்று கேட்பார். விருந்தாளிக்குக் கொஞ்சம் மஞ்சளாகத் தோன்றுகிறது என்பேன். மாற்றுவார். "விருந்தாளி கடைவாய்ப் பக்கம் பார்த்தாச்சா?" விருந்தாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள். நேற்று என் கை தானாக மெழுகுக் கத்தியை நோக்கிப் போனது. அவர் அதன் மேல் ஒரு தட்டு தட்டினார், குழந்தையின் கையில் தட்டுவது போல.

வீடு தேடலாம் என்று போனேன். வீட்டுக்கு எண் கேட்டார்கள். வங்கிக்குப் போனேன். எண் அல்லது வீட்டு முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி தரும் அலுவலகத்தில் வங்கிக் கணக்கு கேட்டார்கள். மூன்று இடத்திலும் மிகவும் அன்பாக அடுத்த இடத்துக்கு வழி சொன்னார்கள். ஒரு நாளில் மூன்று சுற்று வந்தேன், நடைப்பயிற்சிக்கு நல்லது. நூலகத்தில் மட்டும்தான் எதுவும் கேட்காமல் உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். புத்தகம் படிக்கிறவர்களால் நாட்டுக்கு ஆபத்து இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

நேற்று மகள் தொலைபேசியில் உங்கள் கேள்வியைக் கேட்டாள். நீங்களே கேட்டிருக்கலாம். நான்கு அடி தூரத்தில் நின்றிருப்பீர்கள், மூச்சு கேட்டது. அவள் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "அம்மா, அப்பா கேக்கச் சொன்னார். சத்தியம் பண்ணி எழுதினதை வாபஸ் வாங்கணும்னா, எழுதின அன்னிக்கே அது பொய்யா இருந்திருக்கணுமாம். அன்னிக்கு சொன்னது பொய்யான்னு கேக்கறார்."

இது சட்டக் கேள்வி என்று அவள் நினைத்துக்கொண்டாள். இருக்கட்டும்.

பதில் சொல்கிறேன். பொய் இல்லை. அன்றைக்கு அது முழு உண்மை. நீங்கள் அந்தப் பழைய இயந்திரத்தின் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தீர்கள், நான் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் மணி அடித்தது. என்னைப் போகச் சொன்னவர்கள் அதுவரை நிறையப் பேர் இருந்தார்கள். வேலைக்குப் போ, வெளிநாடு போ, வீட்டைக் காப்பாற்று என்று. போகாதே என்று ஒரு மனிதர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் வாயால் சொல்லத் தெரியாமல் மூன்று பிரதிகளில் சொன்னார். அந்தத் தாளில் நான் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கேட்பதும் உண்மைதான். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்று உங்கள் நீதிமன்றம் சொல்லலாம். பதினெட்டு வருட இடைவெளி இருந்தால் இருக்க முடியும் என்று நான் சொல்கிறேன். பல் விழுந்தவருக்குப் பல் கட்டுகிறோம், முன்பு பல் இருந்தது பொய் என்றா அர்த்தம்?

நான் கிளம்பும் முன் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், "நீங்க ரெண்டு பேரும் போய் இருங்க" என்று. ஐந்து மாதத்தில் உங்களுக்கு ஓய்வு. நான்கு மாதத்தில் அவளுக்குப் பள்ளி முடிகிறது. ரெண்டு பேர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்க நினைத்தேன். விமான நிலையத்தில் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். நீங்கள் விமான நிலையத்துக்கு வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை என்றீர்கள். உங்கள் கணக்கில் நூற்று நாற்பது நாள் விடுப்பு மீதம் இருப்பது எனக்குத் தெரியும், விடுப்புக் கணக்குத் தாளை அடித்ததும் நீங்கள்தான், அலமாரியில் வைத்ததும் நீங்கள்தான்.

தாளில் கையெழுத்துப் போடுங்கள்.

தலையில்லாத மூவருடன் நலமாக இருக்கும்,
உங்கள் மனைவி.


புதன்கிழமை
முப்பத்து ஆறாம் நாள்

வீட்டுக்காரருக்கு,

இது சின்னக் கடிதம்.

இன்று மறுபடி நான்காம் ஜன்னலுக்குப் போனேன். சாட்சியின் கையெழுத்து இல்லாமல், என் ஒருத்தியின் வாபஸ் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். சாட்சி இறந்துபோயிருந்தால் போதும் என்றார். நல்ல மனிதர், உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னார். அப்படி ஒன்றும் இல்லை, ஆள் திடகாத்திரமாக இருக்கிறார், பேசுவதில்லை, அவ்வளவுதான் என்றேன்.

இன்னும் இருபத்து நான்கு நாள் இருக்கிறது. தபாலுக்கு ஒரு வாரம் கழியுங்கள்.

உங்களுக்குக் கையெழுத்துப் போட மனம் இல்லையென்றால் போட வேண்டாம். முப்பது வருடமாகப் பிறர் மாற்றிப் பேசியதையெல்லாம் தட்டச்சு செய்தவர் நீங்கள். உங்கள் சொல்லை நீங்கள் மாற்றியதில்லை. அது எனக்குத் தெரியும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு, நீங்கள் நினைப்பதை விட அதிகமாகவே. ஆனால் போடவில்லை என்பதையாவது எழுதுங்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். சண்டை போட மாட்டேன். பேசாமல் இருந்து பழி வாங்கவும் மாட்டேன். நம் வீட்டில் பேசாமல் இருப்பதற்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இன்னொருவருக்கு இடம் இல்லை.

பதில் வராமல் காத்திருப்பதுதான் முடியவில்லை. தையல்காரி தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் கடை வாசலைப் பெருக்குகிறாள். இவ்வளவு சுத்தமான வாசல் இந்தத் தெருவில் வேறு இல்லை.

மகளுக்கு என் முத்தம். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

மனைவி.


ஞாயிற்றுக்கிழமை
ஐம்பத்து நான்காம் நாள்

என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம், வணக்கம். நான் மிக மிக நலம்.

உங்கள் பதிவுத் தபால் செவ்வாய்க்கிழமை வந்தது. அரக்கு முத்திரையைப் பார்த்துத் தபால்காரர் பயந்துபோய் என்னிடம் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். நான் அனுப்பிய நான்கு வரித் தாள் உள்ளே இல்லை. முதலில் உறையைக் கவிழ்த்து உதறித் தேடினேன். பிறகுதான் நீங்கள் அடித்து அனுப்பியதைப் பார்த்தேன். அதே இயந்திரம். வரியை விட்டு மேலே ஏறி நிற்கும் அதே எழுத்து. மூன்று பிரதி.

தையல்காரியின் வெட்டு மேஜையில், கத்தரிக்கோலை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். முதல் பத்தியில் உங்கள் வயது, தொழில், முகவரி. இரண்டாம் பத்தியில் முந்தைய பிரமாணத்தின் தேதி, விவரம். இதுவரை வழக்கமான கோர்ட்டு நடை. மூன்றாம் பத்தியை நான் இங்கே திருப்பி எழுதுகிறேன், நீங்கள் எழுதியதுதான், ஆனாலும் என் கையால் ஒரு முறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

"மேற்படி பிரமாணத்தின் வாசகம் முழுவதும் என்னால் தயாரிக்கப்பட்டது. மனுதாரரின் எண்ணம் என்ன என்று நான் அவரைக் கேட்கவில்லை. படிவத்தில் 'தெரியாது' என்ற மூன்றாவது கட்டம் இருந்தும், அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கினேன். காரணம்: பயம். கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே அது அவருடைய பிரமாணம் அல்ல, என்னுடையது. பிழை என்னைச் சேர்ந்தது."

"காரணம்: பயம்" என்பது மூன்று பிரதியிலும் அழுத்தமாக விழுந்திருந்தது. எங்கும் அழித்து அடித்த தடம் இல்லை. தையல்காரி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட எனக்கு இப்படி எழுதினதில்லை" என்றாள். இது காதல் கடிதம் இல்லை, பிரமாணப் பத்திரம் என்று விளக்கினேன். "ஆமா ஆமா" என்று சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டு போய்த் தைக்க உட்கார்ந்தாள். சட்டைக் கைகளை மாற்றித் தைத்துவிட்டாள், பிறகு பிரித்தாள்.

மறுநாள் நான்காம் ஜன்னல். அவர் முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். உள்ளே எடுத்துப் போனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஐந்தாறு தலைகள் அதன் மேல் கவிழ்ந்திருப்பது தெரிந்தது. திரும்பி வந்து அவர் சொன்னார், "இதை வாபஸ்னு பதிவு பண்ண முடியாது."

நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வாபஸ்னா சொன்னதை மாத்திக்கிறது. இவர் எதையும் மாத்திக்கல. என்ன நடந்துதுன்னு சொல்றார். இது திருத்தம். திருத்தத்துக்கு மேலதிகாரி வேண்டாம், ஒரு முத்திரை போதும்."

சொல்லிவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்தச் சத்தத்துக்காக ஐம்பது நாள் காத்திருந்தேன், அது ஒரு டப்பாவை மூடும் சத்தம் போலத்தான் இருந்தது. பழைய எண் அப்படியே வந்துவிட்டது. பதினோரு இலக்கம். அவர் படித்துக் காட்டும் முன்பே ஐந்து இலக்கம் என் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அட்டையை நீட்டியபோது அவர் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் இந்த ஊருக்கு வருவாரா?" ஏன் என்றேன். வெளியே கையைக் காட்டினார். வாசல் படிகளில் தினமும் நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் படிவம், சிலர் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்களாம், ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவர் எழுதுவதை யாராலும் படிக்க முடியவில்லையாம். அரசாங்க வேலை இல்லை, படிக்குப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு மேஜை, அவ்வளவுதான் என்றார். "ஒரு நிபந்தனை. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதணும்." சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை முதல் நான் விருந்தாளி இல்லை. முதலாளியம்மா அட்டையை வாங்கி இருபுறமும் பார்த்து, மெழுகுக் கத்தியை என் கையில் கொடுத்து, கீழ்த்தாடை முழு செட் ஒன்றை முன்னால் தள்ளினார். "விருந்தாளியா இருந்தப்போ ரொம்பக் குறை சொன்னே. இப்போ செய்." செய்தேன். மாலையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது பாராட்டு. எனக்கு அந்த மொழி நன்றாகத் தெரியும், பதினெட்டு வருடப் பழக்கம்.

இனி நான் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சத்தியம் செய்து இவ்வளவு எழுதிய பிறகு நான் மறைப்பது நியாயம் இல்லை.

அந்த மூன்றாவது கட்டத்தை நான் பார்த்தேன்.

நீங்கள் கார்பன் தாள் எடுக்க அடுத்த அறைக்குப் போனீர்கள். நான் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வருவேன், வரமாட்டேன், தெரியாது. மூன்றையும் படித்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் மடித்து, நீங்கள் வைத்திருந்தது போலவே வைத்துவிட்டேன். பிறகு நீங்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆகவே அது என்னுடைய பிரமாணமும்தான். பிழையை நீங்கள் தனியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, அதில் பாதி எனக்கு உரியது, கொடுத்துவிடுங்கள். நான்காம் ஜன்னலில் இதைச் சொல்லவில்லை. திருத்தத்துக்கு மேல் திருத்தம் என்றால் அந்த மனிதர் தாங்க மாட்டார்.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது நான் கேட்கிறேன். உங்களைப் போல மடித்து வைத்துக் கேட்கவில்லை, முழுப் பக்கத்தையும் விரித்து வைத்துக் கேட்கிறேன்.

நேற்று ஒரு வீடு பார்த்தேன். மூன்றாவது மாடி, பஸ் பணிமனைக்கு எதிரே. காலை ஐந்து மணிக்கு முதல் வண்டியைக் கிளப்புகிறார்கள், நீங்கள் எப்படியும் அதற்குள் எழுந்துவிடுவீர்கள். இரண்டு அறை. சின்ன அறையில் கதவு சாத்தினால் வெளிச் சத்தம் கேட்காது, மகள் படிக்கலாம், அல்லது படிப்பதாகச் சொல்லலாம். பெரிய அறையில் மேற்கு ஜன்னல். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, சரி செய்து தருவதாகச் சொன்னார்கள்.

வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற மருத்துவச்சி. பிள்ளைப்பேறு பார்த்தவர் என்பதால் எதையும் அவசரப்படுத்தாமல் கேட்கிறார். என் எண்ணை எழுதிக்கொண்டார். பிறகு, எத்தனை பேர் என்றார். தையல்காரி என் முழங்கையைப் பிடித்தாள். நான் மூன்று என்றேன். அவர் மூன்று என்று எழுதிக்கொண்டார். ஆள் கணக்கில் மாற்றம் இருந்தால் வருகிற இருபதாம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும், எந்தத் தகவலும் வராவிட்டால் மூன்று என்றே நகராட்சியில் பதிவாகிவிடும் என்றார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கையெழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம், பிரதி வேண்டாம். இருபதாம் தேதி வரை, வழக்கம்போல, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும்.

மகள் நன்றாகப் பரீட்சை எழுதட்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடியுங்கள், இங்கே மூன்று மாடி.

உங்கள் இருவரையும் எதிர்பார்த்து,
உங்கள் மனைவி.